ஊர் பார்க்க வந்தவள்

கடலும் மலையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற அந்த நகரத்தில் கால் வைத்த கொஞ்ச நேரத்திலேயே பஞ்சர் அக்காவுக்கு அந்த ஊரைப் பிடிக்காமல் போய்விட்டது.

பஞ்சர் அக்கா என்பது அவள் சொந்த ஊர் வைத்த பேர். துடைத்துப் போட்ட பலகை மாதிரி மேடு பள்ளம் இல்லாத ஊர் அது. புருஷன் செத்த பிறகு அவன் நடத்திய சைக்கிள் கடையை மூடாமல் அவளே எடுத்து நடத்தினாள். "பொம்பளை ஒட்டின டியூப்ல காத்து நிக்குமா?" என்று கேட்டவர்களெல்லாம் இன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் கடைவாசலில்தான் நிற்கிறார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விரலிடுக்கில் ஏறிய கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. சாமி, ஜாதகம், நல்ல நேரம் எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. சக்கரத்தில் மட்டும் நம்பிக்கை உண்டு. சக்கரம் இருந்தால் எங்கேயும் போய்விடலாம் என்று அவள் முழுமனதாக நம்பியிருந்தாள்.

அந்த நம்பிக்கையோடுதான் ஒரு சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே செய்து எடுத்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய நாற்காலி. அதற்குச் சைக்கிள் சக்கரம் மாட்டி, இரண்டு பக்கமும் பிரேக் வைத்து, மடக்கித் தூக்குகிற மாதிரி ஆக்கியிருந்தாள். நாற்காலி தங்கைக்கு.

தங்கை கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பான். அவள் கீழ்த்தெருவில் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊரிலுள்ள ஓட்டல் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வரும். ஈர விரிப்பு மூட்டையோடு படியிறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, நடை கூடவில்லை. விரிப்பு மடிக்கிற மேசையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேனேஜர், "உன்னால வந்து போக முடியாது, வேலையை விட்டு நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டார். தங்கை தொழிலாளர் அலுவலகத்தில் முறையிட்டாள். விசாரணைக்கு நேரில் வரச் சொன்னார்கள். இரண்டு முறை அவளால் போக முடியவில்லை. மூன்றாவது முறையும் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. அந்த மூன்றாவது முறை மறுநாள் காலை.

துறைமுகத்துப் பக்கம் பஸ்ஸில் ஏறப்போனபோதே வம்பு தொடங்கியது.

"அம்மா, அது என்ன? சாமானுக்கெல்லாம் இடமில்ல" என்றான் கண்டக்டர்.

"சாமான் இல்லப்பா, நாற்காலி."

"நாற்காலின்னா சாமான் இல்லாம என்ன, சொந்தக்காரனா?"

மடக்கி மடியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஏறினாள். "நடுத்தெரு போகுமா?" என்று கேட்டாள்.

"போகாது. மேல்முனை போய் இறங்குங்க. அங்கேருந்து கீழ வர்ற வண்டியில ஏறி நடுத்தெரு முக்குல இறங்குங்க."

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். "நடுத்தெரு அதோ தெரியுதே! கொடியில காயற துணி கூடத் தெரியுது."

"தெரியும். இந்த ஊர்ல கண்ணுக்கு எல்லாமே பக்கம்தான். கீழ இறங்கணும்னா முதல்ல மேல ஏறணும், அதான் வழக்கம்" என்றான் கண்டக்டர்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏதோ தங்கள் ஊரின் அழகைப் புகழ்ந்துவிட்டது போல ஒரு கிழவர் மீசையைக்கூடத் தடவிக்கொண்டார். அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. படுகிற பாட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டால் அப்புறம் அதை மாற்ற எவன் வருவான்?

வண்டி சுற்றிச் சுற்றி ஏறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியின் கைப்பிடி அவள் விலாவில் குத்தியது. மேல்முனையில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, நடுத்தெரு முக்கில் இறங்கி, வீட்டு எண்ணைத் தேடினால் அங்கே இன்னொரு கூத்து. அந்த ஊரில் மலைச்சரிவில் கட்டிய வீட்டுக்கு வாசல் மொட்டை மாடியில். மாடிதான் முதல் தளம். கீழே போகப் போக இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள். "மூணாவது மாடி" என்று தங்கை சொல்லியிருந்ததால் அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தில் மேலே மேலே ஏறி, யாரோ ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்த அறைக்குள் போய் நின்றாள்.

ஒருவழியாக எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். தங்கையின் குடித்தனத்துக்கு நல்லவேளையாக நடுத்தெருவின் பின்பக்கச் சந்தில் ஒரு வாசல் இருந்தது. படி கிடையாது, தெருமுனை வரைக்கும் சமதரை. ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், கட்டிலில் தங்கை, அவள் மடியில் தெருவார் கொடுத்த கிழிசல் துணிகள், ஊசி நூல்.

"வந்துட்டியாக்கா" என்று தங்கை அழுதாள். பிறகு நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கு மணியும் வெச்சிருக்கியே!"

"மணி இல்லாட்டி இந்த ஊர்ல எவன் வழி விடுவான்?" என்றாள் அக்கா. "அந்த ஆபீசு எங்க இருக்கு, அதச் சொல்லு."

தங்கை ஜன்னலுக்கு வெளியே கீழே காட்டினாள். நேர் கீழே, கல் விட்டெறிந்தால் விழுகிற தூரத்தில், தண்ணீர்த் தொட்டி வைத்த ஒரு கூரை. "அதான். சலவை நிலையம் அதுக்குப் பக்கத்துக் கட்டடம்."

நடுத்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் நடுவில் செங்குத்தான படிக்கட்டு. பக்கத்துச் சந்துகளில் கார் நுழையாது. பஸ்ஸின் படி இடுப்புயரம்.

"ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனே?"

"நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. பாதி வழியில அவங்களுக்கு சிகரெட் புடிக்கணும்னு ஆசை வந்துடுச்சு. என்னைப் படி ஓரத்துல வெச்சுட்டாங்க, மூட்டை மாதிரி. போறவன் வர்றவன்லாம் 'யாரு வீட்டுது இது'ன்னு கேட்டுட்டுப் போனான். இனிமே தூக்கினா வரமாட்டேன்க்கா. செத்த பிறகு தூக்கிக்கட்டும்."

எதிர்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள். "என்ன பண்றது, எல்லாம் தலையெழுத்து."

"லிஃப்டு ஒண்ணு இருக்குன்னு போன்ல சொன்னியே?" என்று அக்கா தங்கையைக் கேட்டாள்.

"இருக்கு. தெரு முனையிலயே, பெரிய ஓட்டல் பக்கத்துல. அதுல நாங்க ஏறக்கூடாது. போர்டு போட்டிருக்காங்க."

அக்கா எதிர்வீட்டுக்காரி பக்கம் திரும்பினாள். "அப்போ தலையெழுத்து இல்லம்மா அது. பெயிண்டர் எழுத்து."

காலையில் நாற்காலியில் தங்கையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். சலவை நிலையத்து நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. தெருமுனையில் கண்ணாடி போட்ட அழகான லிஃப்டு. பாறையைக் குடைந்து நடுத்தெருவிலிருந்து கீழ்த்தெருவுக்கு இறக்கியிருந்தார்கள். நகராட்சிப் பணத்தில் கட்டி, ஓட்டல்காரர்கள் கையில் ஒப்படைத்தது. வாசலில் போர்டு: சுற்றுலாப் பயணிகளுக்கும் அவர்களுடன் வரும் ஒருவருக்கும் மட்டும். உள்ளூர்வாசிகள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.

லிஃப்டுக்காரர் தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதே தெருவில் குடியிருப்பவர். முகம் வெளுத்துப் போயிற்று.

"தங்கச்சி, நீயா? எப்படிம்மா இருக்கே?"

"இருக்கேண்ணே. கீழ போகணும்."

அவர் போர்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், ஓட்டல் பக்கம் இருந்த காமிராவைப் பார்த்தார். "என் வேலை போயிடும்மா. போன மாசம் காய்கறிக் கூடையோட ஒரு பாட்டியை ஏத்தினதுக்கே எனக்கு மெமோ குடுத்தாங்க."

அக்கா சண்டைக்குக் கிளம்பிவிட்டாள். "நீங்க ஒரே தெரு. இவ இடுப்பு உடைஞ்சது உங்களுக்குத் தெரியும். இந்த ஊர் ஓட்டல்ல படுக்கிறவன் கீழ விரிக்கற துணி இவ வெளுத்தது. படுக்கிறவன் லிஃப்டுல போவான், வெளுத்தவ படியில உருளணுமா? எந்த ஊர் நியாயம்யா இது?"

"நியாயம்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் பட்டன் அழுத்தறவன்."

"அப்போ பட்டனை அழுத்துங்க!"

"உள்ளூர்க்காரங்களுக்கு அழுத்தக்கூடாதும்மா."

"ஏன்? உள்ளூர்க்காரங்க விரல் வெச்சா பட்டன் கறுத்துடுமா?"

பின்னால் தொப்பி போட்ட வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்து நின்றது. லிஃப்டுக்காரர் கதவைத் திறந்தார். குடும்பம் உள்ளே போயிற்று, இறங்கிற்று. கண்ணாடி வழியாக ஒரு குழந்தை நாற்காலிக்குக் கையாட்டிக்கொண்டே போனது. லிஃப்டு மறுபடி காலியாக மேலே வந்தது. அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வரி யார் கட்டியது, கல் யார் சுமந்தது, இந்த மலை யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று கேட்டுக்கொண்டே போனாள். அவள் கேட்ட ஒவ்வொன்றும் சரி. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு. இதை இன்னிக்கி விட்டா..."

"அக்கா! உன் நியாயத்தை அப்புறம் பேசு. எனக்கு வேலை வேணும்."

அக்கா வாயை மூடினாள். பெட்ரோமாக்ஸ் விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று அமைதி.

தங்கை லிஃப்டுக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, எங்கக்கா வெளியூரு. அடையாள அட்டையைப் பாருங்க. ஊர் பாக்க வந்திருக்கா."

"நான் எங்கடி ஊர் பாக்க..." என்று அக்கா தொடங்கினாள், தங்கை பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

"அவங்க ஏறலாம், தாராளமா ஏறலாம். நீ எப்படிம்மா?"

"போர்டுல என்ன போட்டிருக்கு? பயணியும் கூட வர்ற ஒருத்தரும். நான் கூட வர்றவ."

"அது வழிகாட்டிங்களுக்காகப் போட்டது."

"நான் வழிகாட்டிதாண்ணே. வழி எல்லாம் எனக்குத் தெரியும். போகத்தான் முடியல."

லிஃப்டுக்காரர் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று கதவைத் திறந்தார்.

பஞ்சர் அக்கா தன் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. பதிவுக்கு வேண்டுமாம். "நான் ஊர் பாக்க வந்திருக்கேன்" என்றாள். வேப்பெண்ணெய் குடித்த முகம். தங்கை குனிந்து சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாழ்கிற ஊரில், யாரோ ஒரு விருந்தாளியின் ஒட்டுவாலாக இறங்கிக்கொண்டிருந்தாள் அவள்.

விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா அதிகாரி. சலவை நிலைய மேனேஜர் ஏற்கெனவே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சக்கர நாற்காலி உள்ளே வந்ததும் அவர் காலை இறக்கினார்.

"மேடம், எங்களுக்கு இந்தப் பொண்ணு மேல ஒரு கோபமும் இல்ல" என்றார். "நல்ல வேலைக்காரி. ஆனா வீடு நடுத்தெருவுல. படி இறங்க முடியாது. தினம் தினம் எப்படி வரும்? வராதவங்களுக்கு எப்படி வேலை குடுக்கறது?"

அதிகாரி தங்கையைக் கேட்டார்: "இன்னிக்கி எப்படிம்மா வந்தீங்க?"

"லிஃப்டுல."

"அது உள்ளூர்க்காரங்களுக்கு இல்லையே."

"ஆமாங்க மேடம்" என்றாள் தங்கை. "எங்கக்கா ஊர் பாக்க வந்தா. அவளுக்குத் துணையா நானும் ஊர் பாக்க வந்தேன். இந்த ஊர்ல வேடிக்கை பாக்க வர்றவளுக்கு வழி இருக்கு. வேலைக்கு வர்றவளுக்கு இல்ல. மேனேஜர் சொல்றாரு, என்னால வர முடியாதுன்னு. என் இடுப்பால வர முடியுது மேடம். போர்டாலதான் முடியல. அதை அப்படியே எழுதிக்குங்க."

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். 'போகட்டும் விடுக்கா' என்பதைத் தவிர வேறு பேச்சே தெரியாதவள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் சொன்னார்: "மடிக்கிற மேசையில வேலை குடுங்க. நாளையிலிருந்து ஒரு மாசம். ஒரு நாள் கூடத் தவறாம வந்தா வேலையை உறுதி பண்ணிடணும். தவறினா, மேனேஜர் சொல்றதுதான் சரின்னு எழுதிடுவேன்."

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்று அக்கா கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அவளுக்கு உறைத்தது. "மேடம், நான் இன்னிக்கி ராத்திரி ஊருக்குப் போறேன். நான் போயிட்டா இவ யாரோட துணை? லிஃப்டை இவளுக்குத் திறந்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதிக் குடுங்களேன்."

"அது என் துறை இல்லம்மா. நகராட்சிக்கு எழுதிப் போடணும்."

"நகராட்சி ஆபீசு எங்க இருக்கு?"

அதிகாரி விரலை மேலே காட்டினார். "மேல்முனையில."

அக்கா அன்று ராத்திரி ஊருக்குப் போகவில்லை. மறுநாள் காலை தங்கையை இறக்கினாள், சாயங்காலம் ஏற்றினாள். அதற்கு மறுநாளும் அதேதான். நடுவில் இருந்த நேரத்தில் மேல்முனைக்குப் போய் நகராட்சியில் மனு கொடுத்தாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். மறுபடி போனாள். பரிசீலிக்கிறவர் விடுப்பில் இருந்தார். அடுத்த முறை, லிஃப்டு ஓட்டல் நிர்வாகத்தில் இருப்பதால் அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். ஓட்டலில், அது நகராட்சிச் சொத்து என்றார்கள். பந்து மேலும் கீழும் போய்வந்தது. பந்துக்கு மட்டும் லிஃப்டு தேவைப்படவில்லை.

ஊரிலிருந்து மகன் போன் பண்ணினான். "அம்மா, கடை பூட்டியே கிடக்கு. எல்லாரும் டவுனுக்குத் தள்ளிட்டுப் போறாங்க. இன்னும் ஊரைப் பாத்து முடிக்கலையா?"

"பாத்துட்டேன்டா. நல்லா பாத்துட்டேன். அதான் வர முடியல."

எதிர்வீட்டுக்காரிதான் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அவள் மாமியாருக்கு மூச்சிரைப்பு. கீழ்த்தெரு டாக்டரிடம் போக வேண்டும். "நீங்க தங்கச்சியை இறக்கிட்டு மேல வந்தா, அப்புறம் அத்தையையும் ஒரு தடவை... துணையா..."

"தலையெழுத்துன்னு சொன்னியே?"

"சொன்னேன். இப்ப நீங்க இருக்கீங்களே."

அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் இந்தக் கண்ணாடிப் பெட்டி இவர்கள் கண்ணெதிரே காலியாக ஏறி இறங்கியிருக்கிறது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் திட்டிக்கொண்டே அந்த அம்மாளை அழைத்துப் போனாள். போர்டில் ஒருவர் என்றுதான் இருந்தது. எத்தனை தடவை என்று இல்லை. அடுத்து மாசமான ஒருத்தி வந்தாள். அப்புறம் முட்டி தேய்ந்த தபால்காரர், கைக்குழந்தையும் கேஸ் சிலிண்டருமாக ஒருத்தி. பஞ்சர் அக்கா காலையிலிருந்து மதியம் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். புதிதாக ஒரு மனு எழுதி அதில் எல்லாருடைய கையெழுத்தும் கேட்டாள். முதலில் பயந்தார்கள், கீழே இறங்கியதும் போட்டார்கள்.

ஓட்டல் மேற்பார்வையாளர் டை கட்டிக்கொண்டு வந்தார். "மேடம், எவ்வளவு நாளா ஊர் பாக்கறீங்க?"

"வந்ததிலேருந்து."

"பாக்க அப்படி என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் தேடறேன். கடலைக்கூட இன்னும் பக்கத்துல போய்ப் பாக்கல. பாத்து முடிச்சாத்தானே போக முடியும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் போர்டில் 'ஒரு தடவை மட்டும்' என்று சேர்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டுமாம். நகராட்சியில் பரிசீலிக்கிறவர் இன்னும் விடுப்பிலிருந்து வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதனின் சோம்பேறித்தனத்துக்கு அக்கா நன்றி சொன்னாள்.

மாதம் முடிந்தது. தங்கை ஒரு நாளும் தவறவில்லை. அதிகாரி சொன்ன சொல் மாறவில்லை, வேலை உறுதியாயிற்று. நீலச் சட்டையோடு வீட்டுக்கு வந்த தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை நிரந்தரம் என்றால் போய்வருவதும் நிரந்தரம். அது இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"நீ போக்கா" என்றாள் பிறகு. "கடை என்னாகும்? நான் ஏதாச்சும் பண்ணிக்கறேன். தொப்பி போட்ட எவனையாச்சும் கெஞ்சி..."

"கெஞ்சறதா? அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, நாற்காலியில இருக்கற பிரேக்கைக் கழட்டிடுவேன்."

மறுநாள் லிஃப்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, எப்பதான் ஊருக்குப் போவீங்க?"

"இந்தப் போர்டை எப்ப எடுக்கறீங்களோ அப்ப."

"அது என் கையில இல்லையேக்கா."

"நகராட்சி கையில இல்ல, ஓட்டல் கையில இல்ல, உன் கையிலயும் இல்ல. யார் கையிலயும் இல்லாத போர்டு எப்படிய்யா செவுத்துல நிக்குது?"

அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தெருவில் கையெழுத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்த மனுதான். எப்போது வாங்கிப்போனாரோ தெரியாது. கடைசியில் அவருடைய கையெழுத்தும் இருந்தது, எழுத்துக்கூட்டி எழுதிய முழுப்பெயரோடு.

அக்கா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கும் மேல்முனைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் தெருவில் வரிசை நின்றது. மாசமான பெண்தான் முதலில் இருந்தாள்.

"வா, உள்ள வா. யாரு கூட வந்திருக்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"ஊர் பாக்க வந்தவங்க கூட."

"என்ன பாத்தோம்?"

"ஒண்ணும் பாக்கலக்கா."

"கதவை மூடுய்யா" என்றாள் பஞ்சர் அக்கா.